சொளகுக்குப் பக்கத்தில் இருக்கும் போன்

கேள்வி: "என் அம்மா முக்கூடலில் இருக்கிறார். வயது 52, பீடி சுற்றுகிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை 118, மூன்று மாதச் சராசரி 6.1 வந்திருக்கிறது. 'இன்னும் நோய் இல்லை, பார்டரில் இருக்கு, நடக்கணும், சோற்றைக் குறைக்கணும்' என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். நடையை எண்ணும் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன், போனில் ஒரு ஆப்பும் போட்டுக் கொடுத்தேன். கடிகாரம் பீரோவில் கிடக்கிறது. போனில் பேசியே பழக்கத்தை மாற்றலாம் என்கிறார்களே, அது உண்மையா? எந்த ஆப் நல்லது?"

முடியும். உங்கள் கேள்வியில் பாதி நம்பிக்கை போய்விட்டது தெரிகிறது, அதனால் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஆட்களை நேரில் பார்ப்பேன், மற்ற நாளெல்லாம் போன்தான். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், பத்தமடை, மேலப்பாளையம், உங்கள் முக்கூடல் என்று பல ஊர்க்காரர்கள். அவர்களில் பீடி சுற்றும் பெண்கள் நிறைய. உங்கள் அம்மா எனக்குத் தெரிந்தவர் மாதிரியே தோன்றுகிறது.

அந்த எண்களைப் பற்றி முதலில். வெறும் வயிற்றில் 126-க்குக் குறையாமலோ, மூன்று மாதச் சராசரி (HbA1c என்ற பரிசோதனை) 6.5-க்குக் குறையாமலோ வந்தால்தான் அது சர்க்கரை நோய். 100 முதல் 125 வரை, சராசரி 5.7 முதல் 6.4 வரை இருப்பது அதற்கு முந்தைய நிலை. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் இந்த நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. இந்தப் படியிலிருந்து திரும்பி இறங்க முடியும். அதனால் டாக்டர் மாத்திரை எழுதாமல் அனுப்பியதைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். ஆனால் "நட, சோற்றைக் குறை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் யாராவது கூட இருந்து பார்க்க வேண்டும். போன் உதவுவது அங்கேதான்.

இதற்கு ஆதாரம் உண்டா என்றால், நம் ஊர்ப்பக்கமே உண்டு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உங்கள் அம்மா மாதிரி நடுப்படியில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் விடாமல் பார்த்துக்கொண்டவர்களில் 39 பேருக்கு வந்தது. அப்புறம் அதே குழு போனைக் கையில் எடுத்தது. வேலைக்குப் போகும் 537 ஆண்கள், 35 முதல் 55 வயது. எல்லோருக்கும் தொடக்கத்தில் நேரில் ஆலோசனை கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் குறுஞ்செய்தியும் போய்க்கொண்டிருந்தது. 2013-இல் முடிவு வந்தபோது, செய்தி கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் வந்திருந்தது, கிடைத்தவர்களில் 18 பேருக்கு. வெறும் எஸ்.எம்.எஸ்ஸுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இந்தியாவிலும் பிரிட்டனிலுமாக 2,062 பேரை வைத்து அதே மாதிரி செய்து பார்த்தார்கள். 2020-இல் வந்த அந்த முடிவில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பலமுறை யோசித்திருக்கிறேன். செய்தி ஒரு பக்கமாகவே போகிறது. எதிர்ப்பக்கம் இருப்பவர் அதைப் படித்தாரா, படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாரா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியில்லை. திரும்பிக் கேட்கிற குரல் ஒன்று இருந்தால்தான் போனுக்கு உயிர் வரும் என்பது என் அனுபவம்.

உங்கள் அம்மாவின் ஒரு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மடியில் சொளகு என்கிற முறம், அதில் இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்தால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அப்படி எட்டு, பத்து மணி நேரம் குனிந்தே உட்கார்ந்திருப்பவரிடம் "தினமும் பத்தாயிரம் அடி நடங்கள்" என்று ஒரு கடிகாரம் காட்டினால் அவர் என்ன செய்வார்? இதை வேறு யாருக்கோ செய்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பீரோவில் வைப்பார். அந்தப் பத்தாயிரமும் மருத்துவர்கள் சொல்லி வந்த எண் இல்லை. 1965-இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்பதற்காக வைத்த பெயர் அது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆறாயிரம், எட்டாயிரம் அடியிலேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டாயிரம் கூடினாலே நல்லது.

இன்னொன்று. பீடி சுற்றும்போது கையெல்லாம் தூள். போனைத் தொட மாட்டார்கள். எவ்வளவு நல்ல செய்தியாக இருந்தாலும் அது திறக்கப்படாமலே கிடக்கும். ஆனால் காது சும்மாதான் இருக்கிறது! சொளகுக்குப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கை பாட்டுக்கு வேலை செய்ய, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார்கள். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அதுவரை மதியம் இரண்டு மணிக்கு எழுத்துச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன். சமையல் முடிந்திருக்கும், வேலை சூடு பிடித்திருக்கும், பக்கத்தில் இருக்கும் அத்தையும் மைனியும் சேர்ந்தே கேட்பார்கள். ஒருத்தருக்குச் சொன்னது மூன்று பேருக்குப் போகும். (சிலருக்கு அது பிடிக்காது. தன் சர்க்கரை மருமகளுக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. அதனால் "இப்ப பேசலாமா, பக்கத்துல யாரும் இருக்காவளா" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன்.)

நான் முதலில் செய்த தவறு, கேட்பதை விடக் கூடுதலாகச் சொன்னது. ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகச் சொல்வேன். அந்தப் பக்கமிருந்து "சரிம்மா", "சரிம்மா" என்று வரும். நெல்லைப் பக்கத்தில் மூன்று "சரிம்மா" தொடர்ந்து வந்தால் எதுவும் நடக்கப்போவதில்லை என்று அர்த்தம். மரியாதைக்காகச் சொல்கிறார்கள். ஒரு அக்கா ஐந்து வாரம் இப்படிச் சொன்னார். காலையில் அரை மணி நேரம் நடப்பதாக ஏற்பாடு. ஆறாவது வாரம் நான் அறிவுரையை நிறுத்திவிட்டு, "நடக்கக் கிளம்புறதுக்கு முன்னாடி என்ன நினைப்பு வருது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "தெருவுல சும்மா நடந்தா, வேலைவெட்டி இல்லாம நடக்கான்னு பேசுவாவம்மா." நாய் பயமும் இருந்தது. முழங்கால் வலியும் இருந்தது. ஆனால் காலைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பேச்சுதான். எந்த ஆப் அதைக் கண்டுபிடித்திருக்கும்?

சுற்றிய பீடியைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அந்த வீட்டில் மகனின் வேலை. பைக்கில் போய்விட்டு வந்துவிடுவான். "அதை நீங்க கொண்டு போனா என்ன?" என்று கேட்டேன். கையில் பையோடு போகிறவளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். போக 12 நிமிடம், வர 12 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடல் அசைய வேண்டும் என்கிறது. வாரத்தில் ஆறு நாள் கடைக்குப் போய் வந்தால் 144 நிமிடம் ஆகிறது. அந்த அக்கா இன்னும் நடக்கிறார். அதற்கு "வாக்கிங்" என்று அவர் பெயர் வைக்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கும் கணக்கு அவருடைய அளவையிலேயே இருக்கட்டும். "அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்க" என்றால் கடிகாரம் பார்க்க வேண்டும். "ஐம்பது பீடிக்கு ஒரு தடவை எழுந்து, பின்வாசல் வரை போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றால் கை எண்ணிக்கையே நினைவுபடுத்தும். நீண்ட நேரம் உட்காருவதை இரண்டு நிமிட நடையால் அடிக்கடி உடைத்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்பது சோதித்து அறிந்த விஷயம். சும்மா கிடக்கும் தொடைத் தசை அசையும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. மதியச் சாப்பாடு முடிந்த உடனே சொளகை எடுக்காமல் பத்து நிமிடம் நின்றோ நடந்தோ வேலை பார்த்தால் இன்னும் நல்லது. சாப்பிடப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். புகையிலைத் தூள் வயிற்றுக்குள் போவது சர்க்கரையை விடப் பழைய தொல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கேதான் வெளியூர் ஆப்புகள் எல்லாம் தோற்றுப்போகின்றன. எங்களிடம் வருபவர்களுக்கு ஒரு நிறுவனத்திலிருந்து தானாகவே செய்தி வந்துகொண்டிருந்தது. ஓட்ஸ் சாப்பிடுங்கள், ஆலிவ் எண்ணெய் ஊற்றுங்கள் என்று, அதுவும் ஆங்கிலத்தில். ஒரு ஆச்சி அதை ரீசார்ஜ் விளம்பரம் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று உண்மையிலேயே கோபம் வந்தது. எள்ளுத் துவையலும் உளுந்தம்பருப்புச் சோறும் காணத் (கொள்ளு) துவையலும் இருக்கிற ஊரில், இருப்பதிலிருந்து தொடங்காமல் ஏன் இல்லாததிலிருந்து தொடங்க வேண்டும்?

நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நேத்து மத்தியானம் என்ன வெஞ்சனம் வச்சிய?" எவ்வளவு சோறு என்று கேட்டால் குறைத்துச் சொல்வார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தைக் கேட்டால் உண்மை வரும். குழம்பும் அப்பளமும் மட்டும் என்றால் தட்டில் சோறு மலை மாதிரி இருந்திருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். "சோற்றைக் குறை" என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். நெல் விளையும் ஆற்றுப்படுகையில் அது சாபம் மாதிரிக் கேட்கிறது. "வெஞ்சனத்தைக் கூட்டுங்க, முதல்ல அதைச் சாப்பிடுங்க" என்கிறேன். தடியங்காய்க் கூட்டு, சீனியவரைக்காய்ப் பொரியல், கீரை என்று ஏதாவது ஒரு கிண்ணம் முதலில் உள்ளே போனால் சோறு தானாகவே ஒரு கரண்டி குறையும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். மார்கழி, தை மாதத்தில் சிறுகிழங்கு வரும். அது கிழங்கு, காய்க் கணக்கில் வராது. அன்றைக்குச் சோறு பாதி என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். சிறுகிழங்கை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

டீயில் இருப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு நான்கு டீ சாதாரணம். ஒன்றுக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் எட்டுக் கரண்டி, கிட்டத்தட்ட 40 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதைச் சொன்னால் நம் பக்கத்தில் உடனே வரும் பதில், "நான் கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கேன்." கருப்பட்டி எனக்கும் பிடிக்கும். உடன்குடிக் கருப்பட்டி வாசனைக்கு ஈடு கிடையாது. ஆனால் அதிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாமல், வாரத்துக்கு ஒரு டீயில் அரைக் கரண்டி என்று குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். அப்பளம், மோர் மிளகாய், கருவாடு இதிலெல்லாம் இருக்கும் உப்பையும் கவனியுங்கள். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதையும் அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: "இது உங்களால ஆகும்னு பத்துக்கு எத்தனை மார்க் போடுவிய?" எட்டு, ஒன்பது என்றால் சரி. ஐந்து என்று வந்தால் காரியத்தைப் பாதியாக்கிவிடுவேன். நான்கு டீயிலும் வேண்டாம், சாயங்கால டீயில் மட்டும். ஏழுக்கு மேல் வரும்வரை சின்னதாக்கிக்கொண்டே போக வேண்டும். அடுத்த வாரம் அதைப் பற்றியே கேட்க வேண்டும். போன வாரம் பேசியதை இவள் நினைவு வைத்திருக்கிறாள் என்று தெரியும்போது எதிர்ப்பக்கக் குரலே மாறும். இதற்காகவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சர்க்கரை அளவு ஒரு வரியில் இருக்கும், பேத்தியின் பரீட்சை, முழங்கால் வலி, ஆட்டுக்குட்டி எல்லாம் பத்து வரியில் இருக்கும்.

நீங்களே அம்மாவுக்கு ஆலோசகர் ஆகலாமா? வேண்டாம் என்பேன். பெற்ற பிள்ளை கேட்கும்போது அம்மா நல்ல செய்தி மட்டும்தான் சொல்வார். நீங்கள் வருத்தப்படக்கூடாது என்று மறைப்பார். மறைப்பது பழகிவிட்டால் அப்புறம் மருத்துவரிடமும் மறைப்பார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியரோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற பெண் தன்னார்வலரோ, உங்கள் டாக்டரிடம் இருக்கும் உணவு ஆலோசகரோ, யாராவது ஒருவர் அந்தக் குரலாக இருக்கட்டும். முதல் தடவை நேரில் பார்த்துப் பேசியிருப்பது முக்கியம். முகம் தெரிந்த குரலுக்குத்தான் உண்மை வரும். சந்தேகம் கேட்க 104-ஐயும் அழைக்கலாம். ஆனால் வாராவாரம் அதே ஆள் பேசுவதற்கு அது ஈடாகாது.

உங்களுக்கு அதைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது. அம்மா கடைக்கு நடந்து போகும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். நீங்களும் அங்கே நடந்துகொண்டே பேசுங்கள். சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். வண்டி வரும் சாலை என்றால் வேண்டாம், அதற்குப் பதில் வீடு திரும்பியதும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதவும் வேண்டாம், காசும் ஆகாது, "இன்னைக்கும் போயிட்டு வந்துட்டேன்" என்று அர்த்தம். நான் பேசும் வீடுகளில் இந்த மிஸ்டு கால் முறைதான் எந்த ஆப்பையும் விட நெடுநாள் நின்றிருக்கிறது.

ஒருநாள் அது நிற்கும். கட்டாயம் நிற்கும். பெரும்பாலும் கொடைக்கு. கொடை என்றால் கோயில் திருவிழா. வீட்டில் ஆட்கள், மூன்று நாள் விருந்து, டவுனிலிருந்து வருகிறவர் கையில் அல்வாப் பொட்டலம். அப்புறம் களைப்பு. இரண்டு வாரம் ஆகிவிடும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் போனை எடுக்கவே மாட்டார்கள், என்ன சொல்வது என்ற கூச்சம். புதிதில் நான் அதை அக்கறையின்மை என்று நினைத்து விட்டுவிட்டேன். அப்படி விட்டவர்களில் இருவர் பிறகு மாத்திரையோடு வந்தார்கள், அது இன்றும் மனசில் உறுத்துகிறது. இப்போது கொடைக்கு முந்தின வாரமே பேசிவிடுகிறேன்: "மூணு நாளும் நல்லா சாப்பிடுங்க, அல்வா ஒரு துண்டு. நாலாவது நாள் நான் கூப்பிடுவேன், நடந்தியளான்னு கேக்க மாட்டேன், கொடை எப்படி நடந்துச்சுன்னுதான் கேப்பேன்." அப்படிச் சொல்லிவைத்தால் போனை எடுக்கிறார்கள். கொடையைப் பற்றிப் பேசி முடித்ததும் பெரும்பாலும் அவர்களே "நாளைக்குத் தொடங்கிருதேன்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆப் கேட்டீர்கள். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கடிகாரத்தை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து போன் ஆலோசனைத் திட்டத்தில் சேர்க்க நினைத்தால், வாராவாரம் ஒரே ஆள் பேசுவாரா, தமிழில் பேசுவாரா, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கும் மருத்துவர் யார், அம்மாவின் விவரங்களை வேறு யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இத்தனை நாளில் குணமாக்குகிறேன் என்பவர்கள் பக்கமே போக வேண்டாம். போனில் பேசுகிறவர் யாராக இருந்தாலும் மருந்தை நிறுத்தவோ கூட்டவோ சொல்லக்கூடாது. நடக்கும்போது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீர் வியர்வை என்று ஏதாவது வந்தால் 108, போன் ஆலோசகர் இல்லை.

அடுத்த பரிசோதனையை மூன்று மாதம் கழித்து வையுங்கள். அதற்கு முன் வாராவாரம் குத்திப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு எண்ணுக்கும் மனசு ஏறி இறங்கும். இடுப்புச் சுற்றளவை மட்டும் ஒரு நாடாவால் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. தாண்டியிருந்தாலும் பயப்பட வேண்டாம், அது குறைகிறதா என்பதுதான் நமக்குத் தேவை. இந்த வாரம் அம்மாவிடம் பேசும்போது இது எதையும் சொல்லாமல், கடைக்கு யார் பீடி கொண்டு போகிறார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து யோசிப்போம்.